ஊட்ல ஒரே டிவி, மூணு ஷிஃப்ட் வேலை: பிஎஸ்5 வாங்கறதா, கைல வெச்சு ஆடற கன்சோல் வாங்கறதா?

ஆற்காட்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. ராணிப்பேட்டை சிப்காட்ல மூணு ஷிஃப்ட் வேலை, வீட்ல ஒரே டிவி, அதுவும் 32 இன்ச், சாயந்தரம் ஆனா ரிமோட் அம்மா கைல, பையன் ஏழாவது படிக்கறான், பட்ஜெட் 50-லருந்து 55 ஆயிரம். டிவில மாட்டி ஆடற சோனி பிஎஸ்5 வாங்கலாமா, இல்ல நின்டென்டோ ஸ்விட்ச், ஆசஸ் ராக் அல்லை மாதிரி கைல வெச்சு ஆடற ஹேண்ட்ஹெல்ட் வாங்கினா ட்ராவல்லயும் ஆடலாமே, எது பெட்டர்னு கேக்கறாரு. காலேஜ் டைம்ல கேம் சென்டர்ல மணிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து பிஎஸ்2-ல ஜிடிஏவும் ஃபுட்பாலும் ஆடுனவராம், திரும்ப அதை ஆரம்பிக்கணும், பையனும் கூட ஆடணும்னு ஆசை. நான் வேலூர்ல கன்சோல், லேப்டாப் சர்வீஸ் பாக்கறவன், தினம் இந்த மெஷினுங்கள கழட்டி மாட்டிகினு இருக்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த ட்ராவல் மேட்டர முடிச்சுடலாம். அண்ணா, ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவுல இன்னா இருக்குது, ஒரு பாலாறு பாலம். நீங்க பேக்ல இருந்து மெஷின எடுத்து கேம் லோட் ஆகறதுக்குள்ள கம்பெனி கேட் வந்துடும். அதுவும் வண்டில போற ஆளா இருந்தா பேச்சே இல்ல. காட்பாடில இருந்து டெய்லி சென்னைக்கு சீசன் டிக்கெட்ல போய் வர்றவங்க இருக்காங்க, 130 கிலோமீட்டர் சொச்சம், போக ரெண்டு மணி வர ரெண்டு மணி, சீட் கிடைச்சா அவங்களுக்கு ஹேண்ட்ஹெல்ட் சூப்பரு, நானே கண்ண மூடிக்கினு வாங்குங்கன்னு சொல்லுவேன். உங்களுக்கு அந்த கணக்கு பொருந்தாது. யூட்யூப்ல ஹேண்ட்ஹெல்ட் ரிவ்யூ பண்ற எல்லாரும் ஃப்ளைட்ல உக்காந்துகினு ஆடறத காட்டறாங்க, நம்ம ஆளுங்க வாங்கி கட்டில்ல படுத்துகினு சார்ஜர் சொருகி ஆடறாங்க, அதான் நடக்குது.

அப்ப உங்க கேஸ்ல ஹேண்ட்ஹெல்ட் எதுக்குன்னா டிவி ஃப்ரீயா இல்லாததுக்கு. அந்த டிவி எப்ப எப்ப ஃப்ரீன்னு ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க, பாதி முடிவு அங்கயே வந்துடும், எந்த மெஷின்ல டெராஃப்ளாப்ஸ், அதாவது கணக்கு போடற வேகம், ஜாஸ்தின்னு பாக்கறதெல்லாம் அப்புறம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம், நீங்க ரெண்டரைக்கு வீடு வந்து சாப்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தா நாலரை, பையன் ஸ்கூல்ல இருந்து வந்துடுவான், ஆறு மணிக்கு சீரியல் ஆரம்பம், பத்தரை வரைக்கும் டிவி பக்கம் போக முடியாது, மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்துக்கணும், ஆக அந்த வாரம் வேஸ்ட். செகண்ட் ஷிஃப்ட் வாரம்தான் ராஜா வாரம், பையன ஸ்கூலுக்கு அனுப்பிட்டு எட்டரைல இருந்து ஒரு மணி வரைக்கும் ஹால்ல யாரும் இல்ல. நைட் ஷிஃப்ட் வாரம் தூங்கி எழவே மதியம் ஆகிடும், மதிய சீரியல் ஒரு பக்கம் ஓடும், கொஞ்சம் கேட்டு வாங்கி ஆடலாம். இத தவிர ஞாயித்துக்கிழமை. அதாவது மூணு வாரத்துல ஒரு வாரம் டிவி முழுசா உங்களுது, மத்த ரெண்டு வாரம் இல்ல. இது அப்படியே ஹேண்ட்ஹெல்ட் பக்கம் சாயற மாதிரி தெரியுதுல்ல, ஆனா நான் பிஎஸ்5-ல டிஸ்க் போடற மாடல்தான் வாங்க சொல்வேன்.

முதல் காரணம் நீங்க ஆட ஆசப்படற கேம். ஜிடிஏ 5 ஸ்விட்ச்ல கிடையவே கிடையாது. டிசம்பர் 2023-ல முதல் ட்ரெய்லர் விட்டாங்களே ஜிடிஏ 6, அத பிஎஸ்5, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ரெண்டுக்கும்தான் அறிவிச்சாங்க, அந்த அறிவிப்புல கம்ப்யூட்டர் வெர்ஷன் கூட இல்ல, அப்ப கம்ப்யூட்டர் கேம ஓட்டற ராக் அல்லைலயும் வெளிவர்ற அன்னிக்கே ஆட முடியாது. ஜிடிஏ ஆசைய வெச்சிகினு ஸ்விட்ச் வாங்கறது ஆம்பூர் வரைக்கும் போய் தயிர் சாதம் சாப்டு வர்ற மாதிரி. தயிர் சாதம் தப்புன்னு சொல்லல, அதுக்கு ஆம்பூர் போவானேன்.

ரெண்டாவது காரணம் நெறய பேருக்கு தெரியறதே இல்ல. பிஎஸ்5 வெச்சிருந்தா உங்க செல்போனே ஹேண்ட்ஹெல்ட் ஆகிடும். ரிமோட் ப்ளேன்னு சோனியோட ஆப், காசு கிடையாது, ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் இருக்குது. மெஷின் ஹால்ல ஓடும், படம் வைஃபைல உங்க ஃபோனுக்கு வரும், பிஎஸ்5 கன்ட்ரோலரையே ப்ளூடூத்ல ஃபோனோட சேத்துக்கலாம், ஆண்ட்ராய்டு 12 இல்ல அதுக்கு மேல இருந்தா போதும். நீங்க ரூம்ல ஆடுங்க, அம்மா ஹால்ல சீரியல் பாக்கட்டும். இதுல மூணு விஷயம் கரெக்டா பண்ணணும். ஒன்னு, பிஎஸ்5-லருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் இழுத்துடுங்க, ரெண்டு பக்கமும் வைஃபைன்னா பட்டன் அமுக்கி ஒரு செகண்ட் கழிச்சு ஆளு குதிப்பான். ரெண்டு, ஃபோன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல கனெக்ட் ஆகி இருக்கணும், ரவுட்டர் பக்கத்து ரூம்குள்ள இருந்தா நல்லது, சோனி குறைஞ்சது 5 எம்பிபிஎஸ் கேக்குது, 15 இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லுது. மூணாவதுதான் முக்கியம், பிஎஸ்5 செட்டிங்ஸ்ல எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்னு ஒன்னு இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா இன்னா ஆகும்னா, நீங்க ரூம்ல இருந்து ஆப்ப தொறந்த உடனே மெஷின் முழிச்சுக்கும், முழிச்ச உடனே டிவிய தன் பக்கம் இழுத்துக்கும், கரெக்டா சீரியல்ல மாமியார் உண்மைய சொல்ல வாய தொறக்கறப்ப ஸ்க்ரீன் நீலமா மாறும். அன்னிக்கு நைட்டு உங்களுக்கு சோறு கிடைக்காது.

இதுக்குன்னே சோனி பிளேஸ்டேஷன் போர்ட்டல்னு நவம்பர் 2023-ல ஒன்னு விட்டாங்க, 8 இன்ச் ஸ்க்ரீனுக்கு ரெண்டு பக்கமும் கன்ட்ரோலர் ஒட்டி வெச்ச மாதிரி. அத சில பேரு தனி கன்சோல்னு நெனச்சு வாங்கிடறாங்க. அதுக்குள்ள கேம் ஓடாது, வீட்ல இருக்கற பிஎஸ்5-ல ஓடற படத்த வைஃபைல காட்டும். ஃபோன்ல ரெண்டு மாசம் ஆடி பாத்துட்டு ஸ்க்ரீன் பத்தலன்னு தோணுச்சுன்னா அப்ப யோசிங்க, முதல் நாளே வேணாம்.

டிவி 32 இன்ச்சுன்னு கவலைப்பட வேணாம். பிஎஸ்5-க்கு 4கே டிவி கட்டாயம் இல்ல, எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்னு இருந்தா 720பி டிவிலயும் ஓடும். 4கே பளபளப்பு கிடைக்காது, சின்ன எழுத்து படிக்க கொஞ்சம் கண்ண சுருக்கணும், அவ்ளோதான். டிவி மெனுல கேம் மோட் இருந்தா ஆன் பண்ணிக்குங்க. கடைக்காரர் இதோட 55 இன்ச் டிவியும் சேத்து இஎம்ஐ போட்டுரலாம்பாரு, சிரிச்சுகினே வந்துடுங்க.

இப்ப நம்ம ஊரு மேட்டர், வெயிலு. பிஎஸ்5 மேனுவல எடுத்து பாருங்க, ஓட வேண்டிய சூடு 5 டிகிரில இருந்து 35 டிகிரி வரைக்கும்னு போட்டிருக்கும். நின்டென்டோவும் ஸ்விட்ச்சுக்கு அதே 35 தான் சொல்லுது, ஸ்டீம் டெக்குங்கற இன்னொரு ஹேண்ட்ஹெல்டுக்கும் 35 தான். கத்திரி வெயில்ல வேலூர்ல வெளிய 40-க்கு மேல போகும், மொட்ட மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல ராத்திரி எட்டு மணிக்கு கூட சுவரு அனல் அடிக்கும். அந்த ரூம்ல மெஷின டிவி ஷோகேஸ்க்குள்ள சொருகி கண்ணாடி கதவையும் சாத்தி வெச்சா அது இன்னா பண்ணும், பாவம். ஃபேன் கத்தும், அப்புறம் டெம்பரேச்சர் ஜாஸ்தின்னு மெசேஜ் போட்டு ஆஃப் ஆகும். சுத்தி நாலு விரக்கடை காத்து போற எடமா ஓபனா வைங்க, பின்பக்கம் சுவத்த ஒட்டி வைக்காதீங்க. குடியாத்தம் பக்கம் தறி ஓடற வீட்ல இருந்து எங்க டேபிளுக்கு வர்ற மெஷினுங்கள கழட்டினா ஃபேன் இறக்கைல நூல் பிசிறு சுத்தி சுத்தி கலர் கலரா மோதிரம் போட்டிருக்கும், லுங்கி இன்னா கலர் நெய்யறாங்கன்னே சொல்லிடலாம். பிஎஸ்5-க்கு பக்கத்து தகடு ஸ்க்ரூ இல்லாம கையாலயே கழலும், ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி கழட்டி ப்ரஷ் வெச்சு தட்டி விட்டா போதும். அதுக்கு மேல சிப்போட சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் கழட்டறேன்னு யாராவது சொன்னா உஷாரு, உள்ள சாதா பேஸ்ட் கிடையாது, லிக்விட் மெட்டல் போட்டிருக்காங்க, அது ஒரு சொட்டு போர்டு மேல சிந்தினா ஷார்ட் ஆகி மெஷின் போச்சு. லேப்டாப்புக்கு பேஸ்ட் போடறவங்க எல்லாரும் இத தொட கூடாது.

ஹேண்ட்ஹெல்ட்ல சூடு வேற விதமா கடிக்கும். ராக் அல்லை மாதிரி மெஷின்ல மேல்பக்கம் சூடு காத்து வரும், கைல வெச்சிருக்கறதால உங்களுக்கும் வேக்கும். சூடுல சார்ஜர் சொருகிகினே ஆடிகினு இருந்தா பேட்டரி சீக்கிரம் வயசாகிடும், பேட்டரி உப்பி பின் மூடி தூக்கிகினு வர்ற கேஸ் பாத்திருக்கேன். ஆனா ஒன்னு, ஹேண்ட்ஹெல்ட எடுத்துகினு எந்த ரூம் குளிருதோ அங்க போய்டலாம், மொட்ட மாடில பாய் போட்டு கூட ஆடலாம், பிஎஸ்5-ல அது நடக்காது.

கரண்ட் விஷயத்துலயும் ஹேண்ட்ஹெல்ட்தான் மேல, ஒத்துக்கறேன். பிஎஸ்5 பெரிய கேம் ஓடறப்ப 200 வாட் பக்கம் இழுக்கும், அஞ்சு மணி நேரம் ஆடினா ஒரு யூனிட், பில்லுக்கு பயப்பட வேணாம். பிரச்சனை திடீர்னு கட் ஆகறது. சேவ் ஆகிகினு இருக்கறப்போ இல்ல அப்டேட் ஏறிகினு இருக்கறப்போ கட் ஆனா ஃபைல் கெட்டு போகலாம், நெறய வாட்டி அது தானா ரிப்பேர் பண்ணிக்கும், சில வாட்டி பண்ணாது. உங்க இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோட்னு ஒரு ஸ்விட்ச் இருந்தா அதுல போட்டு வைங்க, மாறற நேரம் கம்மியாகும், மெஷின் ஆஃப் ஆகாது. டிவியும் பிஎஸ்5-ம் சேந்து ஒரு 250 வாட்னு வெச்சுக்குங்க, கூட ரெண்டு ஃபேன் ஓடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால கட் ஆனா பத்து நிமிஷத்துல சேவ் பண்ணி நிறுத்தறதுதான் மரியாத, வீட்ல இருக்கறவங்களுக்கு ராத்திரி ஃபேன் வேணும். ஷட்டவுன்னு முன்னாடியே மெசேஜ் வர்ற நாள்ல ப்ளக்கயே புடுங்கிடுங்க.

சரி, ஹேண்ட்ஹெல்ட்தான் வேணும்னு மனசு சொல்லுதுன்னா அதுல இருக்கற ஜாதிய தெரிஞ்சுக்கங்க, எல்லாமே ஒன்னு இல்ல.

ஸ்விட்ச்னா அது பாதி ஹேண்ட்ஹெல்ட் பாதி ஹோம். 2017-ல வந்துச்சு, டாக்னு கூட வர்ற ஸ்டாண்ட்ல சொருகினா டிவில ஓடும், எடுத்தா கைல. உலகத்துலயே 15 கோடிக்கு மேல வித்த கன்சோல் மொத்தம் மூணுதான், பிஎஸ்2 டிவி மெஷின், நின்டென்டோ டிஎஸ் கை மெஷின், ஸ்விட்ச் ரெண்டு வகையும் சேந்தது. அதனால எந்த வகை ஜெயிச்சுதுன்னு கேட்டா பதில் கிடையாது. ஸ்விட்ச் லைட்னு சின்னதா ஒன்னு வரும், விலை கம்மின்னு அத வாங்கிட்டு டிவில வரலன்னு எங்க கிட்ட எடுத்துகினு வருவாங்க, அது டிவில வரவே வராது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஸ்விட்ச்லயே ஓஎல்இடி ஸ்க்ரீன் போட்ட மாடல் 7 இன்ச், பேட்டரி கேம பொறுத்து நாலரைல இருந்து ஒன்பது மணி நேரம் வரைக்கும்னு கம்பெனி சொல்லுது. ஜூன் 2025-ல வந்த ஸ்விட்ச் 2 பெருசு, 7.9 இன்ச், பவரும் ஜாஸ்தி, ஆனா பேட்டரி ரெண்டுல இருந்து ஆறரை மணின்னு இறங்கிடுச்சு. நமக்கு இருக்கற தலைவலி என்னன்னா நின்டென்டோ நம்ம நாட்டுல நேரடியா வியாபாரம் பண்றதில்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ பெங்களூர்லயோ வாங்கறது எல்லாம் துபாய், ஜப்பான், ஹாங்காங் பீஸு, வாரண்டின்னா கடைக்காரர் வாய் வார்த்தை. கேம் வாங்க ஆன்லைன்ல வேற நாட்டு அக்கவுன்ட் போட்டு கிஃப்ட் கார்டு தேடணும். கேட்ரிட்ஜுக்கு நாட்டு பூட்டு கிடையாதுங்கறது ஒரு நிம்மதி, எந்த நாட்டு கேமும் ஓடும். மரியோ, ஜெல்டா மாதிரி அவங்க சொந்த கேமுங்க விலை இறங்கவே இறங்காது, அஞ்சு வருஷம் பழசு கூட புதுசு விலைக்கு விப்பாங்க.

ராக் அல்லை, லீஜன் கோ, எம்எஸ்ஐ க்ளா இதெல்லாம் வேற வகை, கையடக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்னே வெச்சுக்கலாம். ராக் அல்லை ஜூலை 2023-ல நம்ம நாட்டுல 69,990-க்கு வந்துச்சு, உங்க பட்ஜெட்டுக்கு மேல, ஆனா ஆஃபர்ல இறங்கும். ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல ரூபா விலைல கேம், சேல் டைம்ல அள்ளலாம், எபிக்னு இன்னொரு கடை வாராவாரம் ஏதாவது ஒன்னு சும்மாவே தருது, ஆன்லைன்ல ஆட மாசக்கட்டணம் கிடையாது, விஐடி பசங்க நெறய பேரு இதுக்காகத்தான் இது பக்கம் போறாங்க. ஆனா விண்டோஸ் விண்டோஸ்தான். ஆட உக்காந்தா அப்டேட்டு, தூங்க வெச்சுட்டு போனா பைக்குள்ளயே முழிச்சு சூடாகி கிடக்கும். முதல் மாடல்ல 40 வாட் ஹவர் பேட்டரி, பெரிய கேம் போட்டா ஒரு மணி ஒன்றரை மணில சிவப்பு காட்டும், பின்னாடி வந்த எக்ஸ் மாடல்ல அத டபுள் ஆக்கினாங்க. எடை 600 கிராம் சொச்சம், படுத்துகினு ஆடறப்ப கை நழுவி மூக்கு மேல விழுந்தா தெரியும். செட்டிங்ஸ் நோண்ட புடிக்கும்னா வாங்குங்க, ஷிஃப்ட் முடிச்சு வந்து அக்கடான்னு பட்டன் அமுக்கணும்னா வேணாம். ஸ்டீம் டெக் சாஃப்ட்வேர் விஷயத்துல இத விட நல்லது, ஆனா நம்ம நாட்டுல அதிகாரபூர்வமா விக்கறதில்ல, திரும்பவும் அதே வாரண்டி கதை.

ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு சீனா ரெட்ரோ பீஸு வருதே, ஆயிரக்கணக்குல கேம் போட்டுன்னு, அதெல்லாம் நம்ம சின்ன வயசு டிவி கேம் கேசட்டோட மறு அவதாரம். கான்ட்ராவும் மரியோவும் ஆட நல்லா இருக்கும், உள்ள இருக்கற கேமுங்க பெரும்பாலும் உரிமை இல்லாம ஏத்தினது, கூட வர்ற மெமரி கார்டு சீக்கிரம் மண்டைய போட்டுடும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பத்தியும் ஒரு வரி. டிஸ்க் போட வழி இல்ல, 512 ஜிபில கேமுக்குன்னு பாத்தா 360 சொச்சம்தான் மிஞ்சும், கேம் பாஸ்னு சந்தா கட்டினா நெறய கேம் ஆடலாம், அது நல்ல விஷயம். ஆனா நம்ம பக்கம் ஸ்டாக்கே கண்ல படறதில்ல.

டிஸ்க் மாடல்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் துட்டு. பிஎஸ்5 ஸ்லிம் ஏப்ரல் 2024-ல வந்தப்ப டிஸ்க் இருக்கறது 54,990, இல்லாதது 44,990. பத்தாயிரம் மிச்சம்னு தோணும். ஆனா சோனியோட பெரிய கேம் ஒன்னு புதுசா 4,999 வரைக்கும் போகுது. டிஸ்க்குன்னா ஆடி முடிச்சு வித்துடலாம், மாத்திக்கலாம், சென்னைல செகண்ட்ஸ்ல வாங்கலாம். அதுக்கும் மேல பிஎஸ்4 டிஸ்க் அனேகமா எல்லாமே பிஎஸ்5-ல ஓடும், பழைய பிஎஸ்4 டிஸ்க் கம்மி விலைக்கு கிடைக்குது, ஒரு வருஷம் அதுலயே ஓட்டலாம். நாலஞ்சு கேம்லயே அந்த பத்தாயிரம் திரும்பி வந்துடும். உங்க பழைய பிஎஸ்2 டிஸ்க் ஏதாவது பரண்ல இருந்தா அது ஓடாது, ஆசப்படாதீங்க. டிஸ்க் போட்டாலும் கேம் மெஷினுக்குள்ள இருக்கற எஸ்எஸ்டி மெமரில ஏறும், மேல அப்டேட்டும் இறங்கும், பெருசு 100 ஜிபி தாண்டும், அதனால மொபைல் ஹாட்ஸ்பாட்ட நம்பாம வீட்ல ஃபைபர் இருக்கட்டும். ஆன்லைன்ல மத்தவங்களோட ஃபுட்பால் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ்னு சோனியோட சந்தா கட்டணும், ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு வேணாம். பையனும் நீங்களும் ஒரே சோஃபால ரெண்டு கன்ட்ரோலர் வெச்சு ஆட சந்தா தேவையில்ல, ஆனா ரெண்டாவது கன்ட்ரோலர் காசு தனியா எடுத்து வைங்க, பொட்டில ஒன்னுதான் வரும்.

ஒரே ஒரு கேஸ்ல நான் சொன்னத தூக்கி போடுங்க. பையன்தான் ஜாஸ்தி ஆடப்போறான், நீங்க சும்மா ஞாயித்துக்கிழமை ஆளுன்னா, ஸ்விட்ச் ஓஎல்இடி வாங்குங்க. ஸ்க்ரீனுக்கு ரெண்டு பக்கமும் மாட்டி வர்ற ஜாய்கான பிரிச்சா அதுவே ரெண்டு கன்ட்ரோலர், ரெண்டாவதுக்கு செலவில்ல, அவன் வயசு கேமுங்க அதுலதான் கொட்டி கிடக்கு, லீவுக்கு ஆயா வீட்டுக்கு போனாலும் எடுத்துகினு போவான். ஆனா கைல இருக்கறதால போர்வைக்குள்ள ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆடுவான், அதுவும் நடக்கும். டிவி மெஷின்னா ஹால்ல எல்லார் கண்ணு முன்னாடி ஆடணும், என்ன கேட்டா ஏழாவது படிக்கற பையன் இருக்கற வீட்ல அது ஒரு பெரிய பிளஸ்.

வாங்கறப்ப ஜிஎஸ்டி பில், பில்லுல சீரியல் நம்பர், பொட்டில இருக்கற நம்பரோட ஒத்து போகுதான்னு கடைலயே பாருங்க. செகண்ட் ஹேண்ட்னா எச்டிஎம்ஐ ஓட்டைல டார்ச் அடிச்சு உள்ள பின்னு வளைஞ்சிருக்கான்னு பாக்கணும், எங்க டேபிளுக்கு வர்ற பிஎஸ்5-ல ஜாஸ்தி அதான், கேபிள் சொருகினபடியே மெஷின இழுப்பாங்க, போர்டுல இருந்து போர்ட்டு பேத்துகினு வரும். ஒரு டிஸ்க் எடுத்துகினு போய் போட்டு பத்து நிமிஷம் ஆடி பாருங்க, ஸ்டிக்க தொடாம விட்டா ஆளு தானா நடக்கறானான்னு பாருங்க, நடந்தா ஸ்டிக் தேஞ்சிருக்கு, விலைல கழிச்சுக்கங்க. வீட்டுக்கு வந்து பையனுக்கு தனி சைல்ட் அக்கவுன்ட் போடுங்க, உங்க அக்கவுன்ட்ல கார்டு சேவ் பண்ணினா ஒவ்வொரு வாட்டி வாங்கறப்பவும் பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி செட்டிங்ஸ்ல வெச்சுடுங்க. ஃபுட்பால் கேம்ல ப்ளேயர் பாக்கெட் ஒன்னு வாங்க ரெண்டு பட்டன்தான் தேவை, ஏழாவது படிக்கற பசங்களுக்கு அந்த ரெண்டு பட்டனும் நல்லா தெரியும்.